புதன்கிழமை கரண்ட் போகவில்லை

தம்பி,

சனிக்கிழமை நீ போனில் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, "அடுப்புல எண்ணெய் காயுது, அப்புறம் பேசுறேன் லா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் எண்ணெயும் இல்லை, சட்டியும் இல்லை. நான் ஹாலில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளுக்கு உறை ஒட்டிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லி வைத்தேன். உன்னிடம் நான் சொன்ன பொய்களில் அது சின்னது. பெரியது ஒன்று இருக்கிறது, ஆறு வருடமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் நீ எதையாவது கேட்பாய், நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? மெர்சியும் இதைப் படிக்கட்டும். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாமியாரைத் தெரிந்துகொள்வது அவளுக்கு நல்லது.

நீ கேட்டது கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மாப்பிள்ளையை ஒரு பக்கம் அப்பாவும் மறுபக்கம் அம்மாவும் நடத்திக்கொண்டு போவது நம் பழக்கம். அப்பா இல்லாத பிள்ளைக்கு அந்த இடத்தில் தாய்மாமன் நடப்பார். உன் மாமன் அதற்காகவே கோட்டுத் தைக்கக் கொடுத்து, இரண்டு தடவை இடுப்பைத் தளர்த்தவும் சொல்லியாயிற்று. நீ என்னடாவென்றால், "அம்மா, அப்பா எடத்துல மிஸ் புனிதா நடக்கட்டுமா?" என்கிறாய். மாமன் கோட்டைப் பற்றிய கவலையில்தான் நான் பதில் சொல்லவில்லை என்று நீ நினைத்திருப்பாய். மாமனாவது, கோட்டாவது! எனக்கு வயிறு எரிந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன், எழுத்தில் சொல்ல வெட்கமில்லை. அந்தப் பெண்மேல் எனக்குப் பொறாமை. இன்று வந்த பொறாமை இல்லை, நீ ஐந்தாம் படிவத்தில், பதினேழு வயதுப் பிள்ளையாக இருந்தபோது வந்தது.

மெர்சிமேல் எனக்குத் துளிகூடப் பொறாமை இல்லை. அவள் படித்துவிட்டுச் சிரிக்கட்டும், ஆனால் உண்மை. மகன் என்று ஒருவன் பிறந்தால் ஒருநாள் ஒருத்தி வந்து கூட்டிக்கொண்டு போவாள் என்பது ஊரறிந்த கதை. அதற்கு நான் உனக்குப் பெயர் வைத்த நாளிலிருந்தே தயார். ஆனால் ஈப்போவில் ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தடவைகூட மலையேறி வராமல், உனக்கு ஒரு வாய் சோறு போடாமல், ஒரு காய்ச்சலுக்குத் தலையில் துணி நனைத்துப் போடாமல், கம்ப்யூட்டர் திரைக்குள்ளிருந்தே ஒருத்தி என் பிள்ளையின் மனசைத் தெரிந்துகொள்வாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதற்கு நான் தயாராக இல்லை.

உன் அப்பா போன வருடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு சனிக்கிழமை காலை, கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த லோரியில், ஸ்டியரிங் மேல் சாய்ந்தவர்தான். அடக்கம் முடிந்த பிறகு நீ பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினாய். "சாப்பிட்டியா?" என்றால் "ம்". "பாடம் இருக்கா?" என்றால் "இல்ல". பிறகு அந்த இல்லயும் போய், தலையாட்டல் மட்டும் மிஞ்சியது. நான் அதைத் துக்கம் என்று நினைத்தேன், தானாகச் சரியாகும் என்று நினைத்தேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். உனக்குப் பிடித்த நெத்திலிச் சம்பலை வாரத்துக்கு மூன்று நாள் செய்தேன். நீ அதைத் தட்டிலேயே ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுப் போவாய். அந்த ஒதுக்கிவைத்த நெத்திலியைப் பார்த்து எனக்கு அழுகைக்குப் பதில் ஆத்திரம்தான் வரும். "ஒனக்கு மட்டுந்தான் அப்பா செத்தாரா? எனக்குப் புருஷன் சாகலயா?" என்று ஒரு நாள் கத்தியும் இருக்கிறேன். நீ எழுந்து வெளியே போய் நின்றாய்.

அந்த நிலையில்தான் உன் பள்ளியின் ஆலோசனை டீச்சர், மலாய் வழக்கில் சிக்கு ஹஸ்லினா, ஒரு ஃபாரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். நான் அதே பள்ளியில் கன்டீனில் வேலை பார்ப்பது வசதியா, வினையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இடைவேளை நேரம், எதிரே ஐம்பது பிள்ளைகள், கையில் கறிபாப் பலகாரம் எடுக்கும் இடுக்கி. ஃபாரம் முழுக்க மலாய். உன் பெயரைப் பார்த்தேன், புதன்கிழமை பதினொரு மணி என்று பார்த்தேன், 'ஆன்லைன்' என்று பார்த்தேன். சரி, இலவச டியூஷன் போலிருக்கிறது என்று எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டுவிட்டேன். நன்றி வேறு சொன்னேன். "கணக்குல தான் சிக்கு, பையன் ரொம்ப வீக்" என்று நான் சொன்னதற்கு அந்த அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து, "இவங்க கணக்கு எப்பத்தான் சொல்லிக் குடுப்பாங்க?" என்று நான் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மனசு சரியில்லாத பிள்ளைகளோடு பேசுகிறவர், தமிழ் பேசுகிறவர், தூரத்திலிருந்து திரையில் வருகிறார் என்றார் சிக்கு. எனக்குப் பகீர் என்றது. நம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். "பையனுக்கு மெண்டலாம் லா, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிலேருந்து போன்ல பாக்குறாங்களாம்" என்று ஒரே நாளில் கீழ் லயம் வரைக்கும் போய்விடும். ஆனால் கையெழுத்துப் போட்டாயிற்று. அதைவிட, அன்று வேனிலிருந்து இறங்கும்போது நீ எனக்காக நின்று என் பையை வாங்கிக்கொண்டாய். பல மாதங்களுக்குப் பிறகு. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

பொறாமை அப்போதே முளைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் நான் உடனே உன் முகத்தில் மாற்றம் தேடத் தொடங்கினேன், மாற்றம் தெரிந்தபோது சந்தோஷப்படுவதற்குப் பதில், அவள் என்ன செய்தாள் என்று கேட்டேன். "என்னடா கேட்டாங்க?" "ஒன்னுமில்ல." "நீ என்ன சொன்ன?" "சும்மா பேசுனோம் மா." சும்மா பேச நான் இல்லையா? இருபத்துநாலு மணி நேரமும் சும்மாதானே இருக்கிறேன் உன் பக்கத்தில்? நீ பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியாரிடம் மண்டியிட்டு எத்தனையோ சொல்லியிருப்பாய். அவரிடம் என்ன சொன்னாய் என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. சாமியார் கடவுளின் ஆள். ஆனால் இவள் ஒரு பொம்பிளை. அதுதான் என் கோளாறு.

பள்ளியில் எந்த இடம் எதை ஒட்டி இருக்கிறது என்று உனக்கு நினைவிருக்கும், மெர்சிக்காக எழுதுகிறேன். மலைச் சரிவில் கட்டிய பள்ளி, பாதி இடத்தில் இன்டர்நெட் லைன் கிடைக்காது. கன்டீன் ஜன்னல் பக்கம் மட்டும்தான் நன்றாகக் கிடைக்கும். அதனால் கன்டீன் ஸ்டோரைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்து, அந்தப் பக்கத்தை உன்னைப் போன்ற பிள்ளைகள் பேசுவதற்கென்று ஒதுக்கினார்கள். ஒரு மேசை, ஒரு லேப்டாப், கதவில் ஒரு திரை. இந்தப் பக்கம் என் அரிசி மூட்டைகள். வைஃபை பெட்டியை என் அலமாரியில் மசாலா டின்களுக்கு மேலே வைத்தார்கள், அதன் ப்ளக் என் பெரிய ரைஸ் குக்கரின் ப்ளக்குக்குப் பக்கத்தில். "அக்கா, புதன்கிழமை பதினொரு மணிக்கு மட்டும் இந்த ப்ளக்கைக் கழட்டிராதீங்க" என்று சிக்கு ஹஸ்லினா தன் அரைகுறைத் தமிழில் என்னிடம் சொல்லிவைத்தார். அதாவது, அந்த ஒரு மணி நேரத்துக்கு என்னைத்தான் காவல் வைத்தார்கள்.

காவல்காரி ஒட்டுக்கேட்டாளா என்று கேட்பாய். கேட்கப் பார்த்தேன். பலகையில் காதை வைத்தால் நீ பேசுவது முணுமுணுப்பாகத்தான் வரும், அவள் குரல் உன் காதில் மாட்டிய கருவிக்குள்ளேயே நின்றுவிடும். ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் நீ பேசுகிறாய் என்பது புரியும். நிறுத்தாமல், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பேசுகிறாய். வீட்டில் "ம்" மட்டும் சொல்கிற வாய்! வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எதற்குக் கண்ணில் தண்ணீர் என்று கூட வேலை செய்த சீன ஆண்ட்டி கேட்டால் வெங்காயத்தைக் காட்டுவேன்.

ஏழாவது புதன்கிழமையோ எட்டாவதோ, நீ அழுதிருந்தால் நான் அதைச் செய்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நீ அழவில்லை. சிரித்தாய். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் சிரிப்பு வந்தது. உன் அப்பா சிரிப்பதுபோல முதலில் மூக்கால் ஒரு சத்தம், அப்புறம் அடக்க முடியாமல் ஒரு ஹஹ்ஹா. எட்டு மாதமாக நம் வீட்டில் கேட்காத சத்தம். கையில் அரிசி கழுவிய பாத்திரத்தோடு நின்றுவிட்டேன். ஒரு தாய் என்ன செய்ய வேண்டும்? பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டிருக்க வேண்டும். என் பிள்ளை சிரித்துவிட்டான் என்று கன்டீன் முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? என்னிடம் சிரிக்காதவன், எவளோ ஒருத்தியிடம் சிரிக்கிறான். அவ்வளவுதான் தோன்றியது. அலமாரிக்குப் போனேன். ப்ளக்கைப் பிடுங்கினேன். பெட்டியில் பச்சை விளக்கு அணைந்தது. ரைஸ் குக்கரை அதன் பழைய ப்ளக்கிலிருந்து எடுத்து அந்த ஓட்டையில் சொருகி, சுவிட்சைப் போட்டேன். யாராவது கேட்டால் தவறிப்போய் மாற்றிவிட்டேன் என்று சொல்வதற்காக. அவ்வளவு யோசித்திருக்கிறேன் பார், அந்த அரை நிமிடத்தில்.

பலகைக்கு அந்தப் பக்கம், "மிஸ்? மிஸ், கேக்குதா?" என்றாய். மூன்று தடவை கேட்டாய். மூன்றாவது தடவை உன் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. நீ வெளியே வந்து, "மா, வைஃபை போச்சா?" என்று கேட்டாய். நான் உன்னைப் பார்க்காமல், அரிசியைக் குக்கரில் கொட்டிக்கொண்டே, "கரண்ட் போய்டுச்சு லா, இப்பத்தான் வந்துச்சு. அவங்களுக்கு வேற வேல இருக்கும், போய் க்ளாஸ்ல உக்காரு" என்றேன். கரண்ட் போகவில்லை, தம்பி. அந்தப் புதன்கிழமை நம் மலை முழுக்க ஒரு பல்புகூட அணையவில்லை. இதுதான் அந்தப் பெரிய பொய்.

அப்போது எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. சிரித்து முடித்த கையோடு அன்று நீ எதையோ சொல்லத் தொடங்கியிருந்தாய். அதை அவளிடம் பாதி சொன்னபோதுதான் திரை நின்றிருக்கிறது. முழுசாகக் கேட்டால் அருவருத்துப் போவாள் என்று பயந்துகொண்டிருந்ததாகப் பிறகு நீயே சொன்னாய். அதே நேரத்தில் அவள் மறைந்தால் நீ என்ன நினைப்பாய்? அடுத்த புதன்கிழமை நீ போகவில்லை. அதற்கடுத்த புதனும் போகவில்லை. "தலவலி" என்றாய். உள்ளுக்குள் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். சரி, விட்டது தொல்லை, இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மறுபடி நெத்திலிச் சம்பல் செய்தேன். மூன்றாவது புதன்கிழமை மத்தியானம் நீ ஸ்கூல் வேனில் ஏறவில்லை.

அன்றைய மழையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். டவுன் பஸ் நிறுத்தத்தில் தேடினேன், கோயிலில் தேடினேன், அப்பாவின் கல்லறையில் தேடினேன். மாமன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரிங்காப் வரைக்கும் போய்ப் பார்த்தார். கடைசியில் எஸ்டேட் மேல் டிவிஷனில் வேலை செய்யும் பங்களாதேஷ் பையன் ஒருவன், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பள்ளிச் சட்டையோடு ஒருவன் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கங்காணியிடம் சொல்ல, கங்காணி எனக்குப் போன் பண்ணினார். "பையன் இங்கத்தான் இருக்கான், ஒன்னும் ஆவல. நீ பொறுமையா வா, வந்து சத்தம் போடாத" என்றார். என் வாயை எஸ்டேட் முழுக்கத் தெரியும் அல்லவா?

சத்தம் போடவில்லை. உன் பக்கத்தில் அந்த ஈரப் பலகையில் உட்கார்ந்தேன். பனி இறங்கி, கீழே தேயிலை எது, ரோடு எது என்று தெரியவில்லை. நீயே முதலில் பேசினாய். "அவங்களும் போய்ட்டாங்க மா." யார் என்றேன், தெரியாததுபோல. "மிஸ். நான் அப்பா விஷயத்தச் சொன்னேன். பாதியிலயே கட் பண்ணிட்டாங்க." என்ன விஷயம் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் நீ சொன்னாய். அந்தச் சனிக்கிழமை அப்பா உன் ஹேன்போனுக்கு இரண்டு தடவை கூப்பிட்டார் என்றும், நீ கேம் விளையாடிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை என்றும் சொன்னாய். நான், "அதனாலயாடா இப்படி இருக்க? என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமே இல்லை உன் முகத்தில். "நீதான மா சொன்ன. எல்லாருக்கும் முன்னால. நீ எடுத்திருந்தா அப்பா இருந்திருப்பாருன்னு."

சொல்லியிருந்தேன். அப்பாவின் ஹேன்போனில் அந்த இரண்டு அழைப்பையும் பார்த்த ஆத்திரத்தில், சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், சொந்தம் அத்தனையும் நிற்க, உன் சட்டையைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருந்தேன். நான் அதை மறந்தே போய்விட்டேன். சொன்னவளுக்கு மறந்துபோகும், கேட்டவனுக்கு மறக்குமா? உன் அப்பாவின் உயிர் நொடியில் போய்விட்டது, யார் போனை எடுத்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதையும் உன்னிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அன்று கொட்டகையில்தான் சொன்னேன். தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். என் பிள்ளை ஏன் என்னிடம் பேசாமல் ஊரார் ஒருத்தியிடம் பேசுகிறான் என்று இத்தனை வாரம் எரிந்தேனே, அதற்குப் பதில் என் வாயில்தான் இருந்தது. உன்னைக் குத்தியது நான். அந்தக் காயத்தை என்னிடமே எப்படிக் கொண்டுவந்து காட்டுவாய்? அதற்கு ஒரு அந்நியப் பெண்தான் வேண்டும், அதுவும் தூரத்தில் இருப்பவளாக, நம் லயத்தில் யாரையும் தெரியாதவளாக. எனக்கு அன்றைக்கே புரிந்தது. புரிந்தால் பொறாமை போய்விடும் என்று நினைக்காதே, அது போகவில்லை.

மறுநாள் நானே சிக்கு ஹஸ்லினாவிடம் போய், அந்த மிஸ்ஸோடு பேச வேண்டும் என்றேன். உனக்கு இது தெரியும், நான் பேசினேன் என்று. என்ன பேசினேன் என்று தெரியாது. உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் நினைத்துவைத்திருந்தது லிப்ஸ்டிக் போட்ட, ஏசி அறையில் உட்கார்ந்த ஒரு மேடம். திரையில் வந்தவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். தலையில் எண்ணெய் வைத்து இழுத்துச் சீவியிருந்தாள். பின்னால் கயிற்றில் ஒரு பழைய பெட்ஷீட்டைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தாள், அதற்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. "மன்னிச்சுக்கங்க அக்கா, பாப்பாவுக்குச் சளி" என்றாள். கர்வத்தோடு வந்திருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். இவளிடம் என்ன சண்டை போடுவது?

நீ திரும்ப வர வேண்டும், அவள் உன்னை விட்டுப் போகவில்லை என்று உன்னிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதுகிறேன். "என் பையன் உங்ககிட்ட என்னா சொன்னான்?" என்றும் கேட்டேன், ஆசை விடவில்லை. "அத அவன்தான் சொல்லணும் அக்கா, நான் சொல்லக் கூடாது" என்றாள். பிறகு, "அன்னைக்குப் பாதியில என்ன ஆச்சுங்க அக்கா?" என்று கேட்டாள். நான், "கரண்ட் போய்டுச்சு மிஸ்" என்றேன். "லைன் போன உடனே நான் ஸ்கூல் ஆபீசுக்குப் போன் பண்ணேன் அக்கா. அவங்ககூட ஃபேன் சத்தத்துல சரியாக் கேக்கலன்னு ரெண்டு தடவ கேட்டாங்க" என்றாள். ஃபேன் ஓடுகிற ஆபீசில் கரண்ட் எப்படிப் போயிருக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு முகத்தை எங்கே மறைப்பது என்று தெரியவில்லை. திட்டுவாள், சிக்குவிடம் சொல்வாள், என் வேலை போகும் என்று காத்திருந்தேன். அவள், "சரிங்க அக்கா. அடுத்த புதன்கிழம கரண்ட் போகாம பாத்துக்குவீங்கல்ல?" என்றாள். "பாத்துக்குறேன்" என்றேன். "நீங்க சாப்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான், நான் அழுதுவிட்டேன். அந்தப் பலகைக்குப் பின்னால், அரிசி மூட்டைக்குக் கேட்கும்படி அழுதேன். அப்பா போனதிலிருந்து என்னை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை, தம்பி. நானும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசினேன். உன்னைப் போலவே நிறுத்தாமல் பேசினேன்.

அதற்குப் பிறகு நீ பள்ளியை முடிக்கும்வரை ஒரு புதன்கிழமைகூட அந்த ப்ளக்கில் வேறு எதையும் நான் சொருகவில்லை. பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அலமாரிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். ரைஸ் குக்கர் இரண்டாம் அடுப்புப் பக்கத்து ப்ளக்குக்குப் போனது. நீ பேசினாய், அழுதாய், சில நாள் சிரித்தாய். ஒவ்வொரு சிரிப்புக்கும் என் வயிறு எரிந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. அதைத்தான் நான் உனக்குச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியும்.

இதில் எனக்கு இன்னும் ஆற்றாமை எது தெரியுமா? ஆறு வருடமாக அவள் உன்னிடம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் மனசில் அவள் இன்னும் உயரப் போயிருப்பாள், நான் இன்னும் கீழே போயிருப்பேன். சொல்லவில்லை. உன் ரகசியத்தை வைத்திருந்த அதே கையில் என்னுடையதையும் வைத்துக்கொண்டாள். பொறாமைப்படுவதற்குக்கூட எனக்கு நியாயம் வைக்காமல் போய்விட்டாள். அவளிடம் ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்று, பத்திரிகை நீட்டும் சாக்கில் போன மாதம் ஈப்போவுக்குப் போக நினைத்தேன். பஸ் டிக்கெட்டும் பார்த்தேன். போகவில்லை. போனால் சாப்பிட்டீங்களா என்று கேட்பாள்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி கொஞ்சம்தான் இருக்கிறது, இருப்பதைச் சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அது உன்னிடம் வாய் திறக்காமல் வேறு யாரிடமோ சிரித்துப் பேசும். வாத்தியாரோ, கூட்டாளியோ, எங்கோ ஒரு திரைக்குள் இருக்கும் ஒரு மனுஷியோ. அப்போது உனக்கும் வயிறு எரியும், என் ரத்தம்தானே ஓடுகிறது. எரியட்டும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள், ஆனால் ப்ளக்கில் கை வைக்காதே. துக்கத்தில் இருக்கும்போது பிள்ளையிடம் எதையும் சொல்லிவிடாதே, அப்படியே சொல்லிவிட்டால் அதை மறந்துவிடாதே. மெர்சி, இவன் பேசாமல் இருந்தால் நெத்திலிச் சம்பல் செய்து ஒன்றும் ஆகாது. அதை நான் நிறையச் செய்து பார்த்துவிட்டேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். மிஸ் புனிதா நடக்கட்டும். அப்பா இடத்தில்தான் நடக்கட்டும். மாமனிடம் நான் பேசிக்கொள்கிறேன். அந்தக் கோட்டை அவர் உன் மகன் ஞானஸ்நானத்துக்குப் போட்டுக்கொள்ளட்டும், அதற்குள் இன்னொரு தடவை தளர்த்த வேண்டியிருக்கும். இதைப் படித்த பிறகு, உன் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் காலியாக இருந்தால் நல்லது என்று உனக்குத் தோன்றினால், அது என் பக்கமாக இருக்கட்டும். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன், கோபப்பட மாட்டேன். அழுவேன், அதைத் தடுக்க முடியாது. அவளிடம் நீ சொன்னதெல்லாம் உங்கள் இருவருக்குள்ளேயே இருக்கட்டும், இனி கேட்க மாட்டேன். ஒன்றை மட்டும் சொல். அந்தப் புதன்கிழமை, நான் ப்ளக்கைப் பிடுங்குவதற்கு முன்னால், எதற்கடா அப்படிச் சிரித்தாய்?

இன்னொன்று. அவள் என்ன நிறத்தில் புடவை கட்டப் போகிறாள் என்று கேட்டு வை. என் பக்கத்தை நீ காலியாக வைக்காவிட்டால், நான் மயில் பச்சை எடுத்து வைத்திருக்கிறேன். அவளும் பச்சை என்றால் அவள் மாற்றிக்கொள்ளட்டும். நான் மாற்ற மாட்டேன்.

அம்மா